சோனாவின் சிரிப்பு

ஆர்ஷாவை வீட்டுக்குத் தெற்கே, மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய இடத்தில் தகனம் செய்துவிட்டு, ஆண்கள் குளித்து முடித்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் கேரள எல்லையோரப் பாறசாலையில் முக்கால்வாசி வீடுகளில் அவள் குரல் கொடுத்த டிவித் தொடர்தான் ஓடும். "சேச்சிக்கு என்னோடு பிணக்கமாணோ?" என்று கேட்டது குரல், அக்காவுக்குத் தன்மேல் கோபமா என்று மலையாளத்தில் கொஞ்சலாக. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சிரித்தது. மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் விழுந்து, மூச்சு முட்டி நிற்கிற சிரிப்பு.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது, டிவி நின்றது.

"அதெ எதுக்கு அணைக்கிய?" என்றாள் ஆர்ஷாவின் அம்மா சரசம்மா, உள்ளே சுவரில் சாய்ந்தபடி. "அவ பேசட்டும்."

அவள் பக்கத்தில் பத்மப்ரியா உட்கார்ந்திருந்தாள். தொடரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். பதினைந்து நாளைக்கு முன்னால் ஆர்ஷாவின் தோளில் தோள் இடிக்க நின்று அந்தப் பதிலைச் சொல்லியும் இருந்தாள். டிவி நின்ற இடத்திலிருந்து அந்த வாக்கியம் அவள் நாக்கில் வந்து நின்றது. பல்லைக் கடித்து உள்ளே அனுப்பினாள்.

பத்மப்ரியா திருவனந்தபுரம் கரமனைக்காரி. அக்ரஹாரத்தில் அம்மா விஜயத்தோடு இருக்கிறாள். கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து டப்பிங்தான் வேலை. திருவனந்தபுரத்தில் ஜகதிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ. இந்தியிலிருந்து வருகிற தொடர்களுக்கு அங்கே மலையாளக் குரல் கொடுப்பார்கள். முகம் யாருக்கும் தெரியாத வேலை. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் இரண்டு பெண்கள் நேற்றைய கதையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் நிற்பவள்தான் அந்தக் கதையில் அழுதவள் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆர்ஷா அந்த ஸ்டுடியோவுக்குக் குரல் தேர்வுக்கு வந்தபோது பத்மப்ரியா அங்கே மூத்தவள் ஆகியிருந்தாள். காலையில் பாசஞ்சர் ரயில் பிடித்து வந்தவள், தேர்வு முடிந்ததும் நேராக அவளிடம் வந்து, "எக்கா, நீங்க தமிழுதானே? நீங்க தண்ணி கேட்டப்பவே மனசிலாச்சு" என்றாள்.

"எப்படி மனசிலாச்சு?"

"தீர்த்தம்னு கேட்டுட்டு அப்புறம் வெள்ளம்னு மலையாளத்துல மாத்தினீங்கல்லா."

அந்தச் சிரிப்பைப் பத்மப்ரியா முதலில் கேட்டது அன்றுதான்.

இரண்டு பேரின் தமிழும் வேறு வேறு. ஒருத்தியுடையது அக்ரஹாரத்துக்குள்ளேயே கிடந்து ஊறிய தமிழ். இன்னொருத்தியுடையது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து திரிந்த தமிழ். மைக்கின் முன்னால் இருவருமே மலையாளிகள். வெளியே வந்ததும் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள்.

வடநாட்டுத் தொடர் ஒன்று வந்தது. அக்கா நந்தினி, தங்கை சோனா, ஒரு பெரிய வீடு, முடியாத சண்டைகள். நந்தினி பத்மப்ரியாவுக்கு, சோனா ஆர்ஷாவுக்கு. இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அவரவர் வசனத்தைப் பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசுவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சவுண்ட் இன்ஜினியர் ஸ்ரீகுமார் முதலில் முணுமுணுத்தார். ஒருத்தி பேசி முடிக்கும் முன்னே இன்னொருத்தி குறுக்கே விழுகிற அந்தச் சண்டைகளைக் கேட்டபிறகு சும்மா இருந்துவிட்டார்.

அந்த இந்தி நடிகை சோனாவைச் சாதாரணமாகத்தான் நடித்திருந்தாள். மலையாள சோனாவை இவர்கள் இருவரும் உட்கார்ந்து உண்டாக்கினார்கள். மதியச் சாப்பாட்டின்போது, ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, இதே பேச்சு. பொய் சொல்வதற்கு முன்னால் சோனா எச்சில் விழுங்க வேண்டும் என்று சொன்னது பத்மப்ரியா. அக்காவைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுக்கக்கூடாது, வெட்ட வேண்டும் என்று சொன்னது ஆர்ஷா. சோனாவுக்குச் சிரிப்பு எப்படி என்று மட்டும் அவர்கள் பேசவே இல்லை. ஆர்ஷா தன் சொந்தச் சிரிப்பையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஒருமுறை ஸ்டுடியோ ஆட்கள் எல்லோரும் பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாறு என்ற ஊரில் டீ குடிக்க இறங்கினார்கள். "சேச்சி, ஒண்ணு மதுரமில்லாதெ" என்று ஆர்ஷா சர்க்கரை இல்லாத டீ கேட்டதும் கடைக்காரி பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இது நம்முடெ சோனயல்லே!" என்றாள். ஆர்ஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. மலை ஏறி இறங்கும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சோனா குரலில் வழி கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஐப்பசி மழையில் தம்பானூர் ஸ்டேஷன் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. புதுச் செருப்பு கடித்த புண்ணோடு ஆர்ஷா அதில் இறங்கி நடந்தாள். சில நாள் கழித்துக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து டப்பிங் பேசினாள். குரல் கட்டியிருந்தது. "போதும், வீட்டுக்குப் போ" என்றார் ஸ்ரீகுமார். மிச்சமிருந்த ஒரு காட்சியையும் முடித்துவிட்டுத்தான் போனாள். சோனா சமையல்காரியிடம் பருப்பில் உப்பில்லை என்று சொல்லிச் சிரிக்கிற காட்சி. மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது சிறுநீரகம் செயலிழந்திருந்தது. முப்பத்தோரு வயது.

சேனல்காரர்களுக்குக் கதை நிற்கக்கூடாது. அடுத்த வாரமே சோனாவுக்கு வேறு குரல் தேட ஆரம்பித்தார்கள். பெண்கள் வந்தார்கள், பேசினார்கள். எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். சோனா மட்டும் வரவில்லை. பத்மப்ரியாவைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார் ஸ்ரீகுமார். அவள் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே நின்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "இங்கெ எச்சில் விழுங்கணும். அப்புறம் மெல்ல. இப்படி." என்று சொல்லிவிட்டு அந்த வரியைப் பேசிக் காட்டினாள்.

பேசி முடித்ததும் அந்தப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். கண்ணாடிக்கு வெளியே ஸ்ரீகுமார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் பத்மப்ரியாதான்.

முதலில் நந்தினியின் வசனங்களை எல்லாம் பேசிவிடுவாள். பிறகு மைக்கின் இடது பக்கத்துக்கு நகர்வாள். ஆர்ஷா நிற்கிற இடம் அது. ஆர்ஷா குள்ளம். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவைத்து, கொஞ்சம் குனிந்து நின்றால்தான் குரல் வந்தது. ஹெட்போனில் நந்தினி கேட்பாள், இவள் சோனாவாகப் பதில் சொல்வாள். தன் குரலிடமே கோபித்துக்கொள்வாள், தன் குரலிடமே மன்னிப்புக் கேட்பாள். நந்தினியின் முறையில் சில சமயம் ஒரு வரியைச் சொல்லிவிட்டு அப்படியே நிற்பாள், பக்கத்தில் யாரோ மூச்சு இழுத்துப் பேசத் தயாராவதுபோல. ஸ்ரீகுமார் பதிவை நிறுத்தாமல் ஓடவிடுவார். பிறகு அவளே தலையை அசைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள்.

சிரிப்புதான் வரவில்லை. சொல் எல்லாம் வந்தது, அழுகை வந்தது. அந்தச் சிரிப்பை எத்தனை தடவை முயன்றாலும் யாரோ போல இருந்தது. ஸ்ரீகுமாரிடம் பழைய பதிவுகளிலிருந்து வெட்டிச் சேர்த்த துண்டுகள் இருந்தன. பெருமூச்சு, விசும்பல், சிரிப்பு என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வைத்திருப்பார், அவசரத்துக்கு உதவும் என்று. சோனாவின் சிரிப்புகளை அதிலிருந்து எடுத்து ஒட்டினார். இப்படித் தொடர் நடந்தது: சோனாவின் பேச்சு பத்மப்ரியாவுடையது, சிரிப்பு ஆர்ஷாவுடையது.

யாருக்கும் தெரியவில்லை. புதுக் குரல் ஒளிபரப்பான முதல் நாள் சரசம்மா போன் செய்தாள்.

"மக்ளே, நீதானா?"

"ஆமாம்மா" என்றாள் பத்மப்ரியா.

"ம். பேச்சு நீ. சிரிப்பு அவளுக்கது, இல்லியா?"

"ஆமாம்மா. ஸ்டுடியோல பழசுலேந்து எடுத்து வச்சிருக்கா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நிறுத்தச் சொல்லறேன்."

"என்னத்துக்கு நிறுத்தணும்?" என்று அவசரமாகச் சொன்னாள் சரசம்மா. "நிறுத்தாண்டாம்."

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது பத்மப்ரியா பாறசாலைக்குப் போனாள். அந்தச் சிரிப்புகளை எல்லாம் போனில் ஏற்றித் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். சரசம்மா கையை உதறினாள்.

"போன்ல அவ அனுப்பின வாய்ஸ் எல்லாம் கெடக்கு. நான் ஒண்ணையும் அமுக்கல. கைக்குள்ள இருந்தா நான் நாள் முழுக்க அதுக்க கூடத்தான் இருப்பேன். இது அப்பிடி இல்ல பாத்துக்க. நான் அடுப்படியில நிப்பேன், அவ முன்னறையில இருந்து சிரிப்பா. எப்பம் சிரிப்பாண்ணு எனக்குத் தெரியாது. வீட்டுல இருந்தப்பவும் அப்பிடித்தானே."

ஆர்ஷாவின் தம்பி பிஜு இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். களியக்காவிளையில் மொபைல் கடை வைத்திருக்கிறவன். பத்மப்ரியா கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். நிறுத்தத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எக்கா, ஒண்ணு சொன்னா வெசனப்படாதீங்க. அம்மா அந்த நேரத்துக்கு யாரு வந்தாலும் வாசலுக்கு வரமாட்டேங்கா. கல்யாணத்துக்குப் போனாலும் விளக்கு வைக்க முன்னெ ஓடி வந்துருகா. எனக்க அக்கா செத்துப்போனா. நான்தான் தீ வச்சேன். நீங்க தெனமும் அவளெ வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாறிய."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அவளுக்கும் அது புரியாமல் இல்லை. அவள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசிவிட்டு உள்ளே வந்தால் விஜயம் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏண்டி, ஆத்துக்குள்ள வந்தும் அவ மாதிரியே பேசறயே. நோக்கே தெரியறதா?"

தெரியவில்லை. எங்கே எச்சில் விழுங்குகிறோம், எங்கே கடைசி எழுத்தை வெட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. கோபம் வந்தால் ஆர்ஷா. அவசரம் என்றால் ஆர்ஷா. ஒருநாள் குளித்துவிட்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த ஸ்லோகம் ஆர்ஷாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்தது ஆர்ஷாவின் குரல்தான்.

பிஜு பேசிய மறுநாள் பத்மப்ரியா ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சோனாவை விட்டுவிடப் போகிறேன் என்று ஸ்ரீகுமாருக்குச் சொல்லியனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் சரசம்மாவின் போன் வந்தது. பிஜு நடந்ததைச் சொல்லியிருந்தான்.

"அவன் சொன்னதெ மனசில வைக்காதே மக்ளே. அவனுக்கு அவ சத்தம் கேட்டா பேடி, பயப்படுகான். எனக்குக் கேக்கல்லேண்ணா பேடி. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல கெடக்கோம், என்ன செய்ய? அந்த நேரம் அவன் கடையில இருந்துக்கிடட்டும். நீ சோலிக்குப் போ."

போனாள். ஆனால் அப்போது கதை திரும்பிவிட்டது. சோனாவின் கணவன் அவளைக் கைவிட்டுவிட்டான், வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. வாரக்கணக்கில் அழுகை. சிரிப்புக்கு இடமே இல்லை. சரசம்மாவுக்குப் போன் செய்தால் மழை, தண்ணீர், மரச்சீனிக்கு எலி வருவது என்று பேசிவிட்டு, வைக்கும்போது மட்டும், "இந்தப் பிள்ளைக்கு எப்பந்தான் நல்லது வரும்?" என்று கேட்பாள்.

ஒரு காட்சியில் சோனா ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. வெளியே தெருக்குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். இந்தியில் அந்த இடத்தில் வெறும் இசைதான்.

"ஸ்ரீகுமாரண்ணா," என்றாள் பத்மப்ரியா மலையாளத்தில், "இங்கே அவள் சிரிக்கட்டுமே. சின்னதாக. குழந்தைகளைப் பார்த்து."

"அழுது முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே."

"முகம் தெரியவில்லை இல்லையா?"

ஸ்ரீகுமார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பிறகு துண்டுகளில் தேடி, மிகச் சின்னதாக ஒன்றை எடுத்தார். மூக்கோடு நின்றுபோகிற ஒன்று. வைத்தார். அந்த அத்தியாயம் ஒளிபரப்பான அன்று சரசம்மா போன் செய்யவில்லை. மறுநாள் பிஜுதான் செய்தி அனுப்பியிருந்தான். 'அம்மா நேத்து நல்லா சாப்பிட்டா' என்று மட்டும்.

தொடர் ஒருநாள் முடிந்தது. எல்லாத் தொடர்களையும்போலக் கல்யாணத்தில், அவசர அவசரமாக. ஸ்டுடியோவில் கேக் வெட்டினார்கள். ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு அந்த சோனா குரலே வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பத்மப்ரியா மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது என்னுடையதல்ல" என்றாள். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வற்புறுத்தினார்கள்.

பிறகு அவள் கிழவிகளுக்கும் மாமியார்களுக்கும் குரல் கொடுத்தாள். தடித்த, கரகரத்த குரல்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவற்றுக்குள் ஆர்ஷா வரமுடியாது என்று நினைத்தாள். ஓரளவு அது உண்மையாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் சேனல்காரர்கள் அந்தத் தொடரை மதியத்தில் முதலிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்மப்ரியா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து இரண்டு பெண்கள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தியின் குரல் தன்னுடையது என்று தெரிந்தது. இன்னொருத்தி குறுக்கே விழுந்து பேசினாள், சிரித்தாள். ஒட்டிய துண்டு கிடையாது. பேச்சும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்தன. பத்மப்ரியா ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாறசாலையில் சரசம்மா ஒரு நாளையும் விடவில்லை. இந்தத் தடவை அடுப்படியில் நிற்கவில்லை, டிவிக்கு முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஆடி பிறந்ததும் போனில் கேட்டாள்.

"மக்ளே, இதுல அவ பேச்சு எதுவரெ?"

பத்மப்ரியாவுக்குக் கேள்வி புரிந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. வரச்சே நானே சொல்லறேன்."

ஆவணியில் அந்த நாள் வந்தது. ஸ்ரீகுமாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, முதல் நாளே பாறசாலைக்குப் போய்விட்டாள். மதியம் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பிஜுவும் வந்தான். உட்காரவில்லை, கதவில் சாய்ந்து நின்றான். பருப்பில் உப்பே இல்லை என்று சோனா சமையல்காரியிடம் சொன்னாள். குரல் கட்டியிருந்தது. சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் லேசான இருமல். அன்று ஸ்ரீகுமார் அதை வெட்டாமல் விட்டிருந்தார்.

"பாத்தியா, தொண்டெ கட்டிக் கெடக்கு" என்றாள் சரசம்மா. "போகாண்டாம்னு அண்ணைக்கிக் காலையில சொன்னேன். கேட்டாளா."

பிஜு வெளியே போனான். தெற்கே, அவளைத் தகனம் செய்த பக்கம் அவன் நடக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

பத்மப்ரியா எழுந்தாள். சாயங்காலம் பஸ் பிடிக்க வேண்டும் என்றாள்.

"எங்க போறே?" என்றாள் சரசம்மா. "இருந்துட்டு நாளைக்கிப் போ. நாளையில இருந்து நீயில்லியா?"

மறுநாள் மதியமும் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து கதை ஆரம்பித்தது. நந்தினி படியிறங்கி வந்து எதையோ கேட்டாள். சோனா பதில் சொன்னாள். பத்மப்ரியாவுக்கு அந்த முதல் நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. மைக்கை இறக்கியது, இடது பக்கம் நகர்ந்தது, ஹெட்போனில் தன்னையே கேட்டது. 

சரசம்மா திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பிடி இருந்திச்சு மக்ளே, அண்ணைக்கி?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. ஸ்ரீகுமார் கேட்டதில்லை, விஜயம் கேட்டதில்லை. டிவியில் பத்மப்ரியாவே இரண்டு பேராக நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இடம் காலியா இருந்ததும்மா," என்றாள். "பக்கத்துல. தோள் இடிக்குமில்லையா, அது இடிக்கலை. ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம் நான் நகந்து நின்னு வழி விட்டேன். அவ வருவாங்கற மாதிரி."

சரசம்மா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"செரி, சொல்லு" என்றாள்.